மினிட்மேன்: சொல் விளக்கம்

அமெரிக்க விடுதலைப் போர் பத்தி படிக்க ஆரம்பிச்சா மொத பக்கத்துலயே வர்ற வார்த்தை இது. 'நிமிட மனிதன்'னு போட்டா ஒன்னுமே புரியாது. கூப்பிட்ட ஒரு நிமிஷத்துல துப்பாக்கியோட வந்து நிக்கிறவன், அதுதான் அர்த்தம்.

அப்ப பிரிட்டிஷ் ஆட்சில இருந்த மாசசூசெட்ஸ்ல, மிலிஷியான்னு ஊர்க்காரங்களே சேந்த படை ஊருக்கு ஊர் ரொம்ப காலமாவே இருந்துச்சு, விவசாயி, கொல்லர், கடைக்காரர்னு சாதாரண ஆளுங்கதான், சம்பளப் பட்டாளம் கிடையாது. 1774ல பிரிட்டிஷ்காரன் பாஸ்டன் துறைமுகத்தை மூடி ஜெனரல் தாமஸ் கேஜை கவர்னரா உக்கார வச்சதும் நெலமை முத்திப்போச்சு, அந்த அக்டோபர்ல மாகாண காங்கிரஸ்னு அந்த மக்களே அமைச்ச சபை கூடி, மிலிஷியாவுல கால்வாசி பேரையாவது தனியா பிரிச்சு எந்நேரமும் கெளம்ப தயாரா வைங்கன்னு ஊர்களுக்கு சொல்லுச்சு. அப்படி பிரிச்சவங்கதான் மினிட்மேன். ஆக எல்லா மினிட்மேனும் மிலிஷியா, ஆனா எல்லா மிலிஷியாவும் மினிட்மேன் இல்ல.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்னா, 1775 ஏப்ரல் 19 விடியக்காலைல லெக்சிங்டன் திடல்ல கேப்டன் ஜான் பார்க்கரோட நின்ன எழுபத்துச் சொச்சம் பேரை எல்லாரும் மினிட்மேன்னு எழுதுறாங்க, அந்த ஊர்ல அப்படி தனிப் பிரிவே கிடையாது, அவங்க ஊர் மிலிஷியா. கான்கார்டுல பதுக்கி வச்சிருந்த ஆயுதத்தை அள்ளிட்டு போக வந்த சுமார் 700 பிரிட்டிஷ் சிப்பாய்ங்களோட முன்படைக்கு எதிர்ல நின்னாங்க, யார் மொதல்ல சுட்டாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் முடிவாகல, ஊர்ப் பக்கம் எட்டு பேர் செத்தாங்க.

நெஜமான மினிட்மேனை பாக்கணும்னா கான்கார்டு வடக்குப் பாலத்துக்கு வரணும். பக்கத்து ஆக்டன் ஊர்லேந்து வந்த ஐசக் டேவிஸ், துப்பாக்கி செய்யிற தொழிலாளி, அதனால அவர் படைப்பிரிவு ஆளுங்க கிட்ட பயனெட் (துப்பாக்கி முனைல மாட்டுற கத்தி) இருந்துச்சு, அவங்களையே முன்வரிசைல விட்டாங்க. எதிர்ப்பக்கம் சுட்ட வேகத்துல டேவிஸ் அங்கயே விழுந்துட்டார். ஆனாலும் இவங்க திருப்பிச் சுட்டதுல சிப்பாய்ங்க பாலத்தை விட்டு ஓடுனாங்க. அவங்க பாஸ்டன் திரும்புற வழி பூரா இவங்க கல் சுவருக்கு பின்னாடி இருந்து சுட்டாங்க, அன்னைக்கு மொத்தமா பிரிட்டிஷ் பக்கம் 73 பேர் சாவு.

சரி, தமிழ்ல எப்படி சொல்றது? மிலிஷியாவுக்கு புதுசா தேட வேண்டாம், மூலப்படை கூலிப்படைன்னு நம்ம பழைய ஆறு வகை படைலயே நாட்டுப்படை இருக்கு, ஊர் அளவுல ஊர்ப்படைன்னும் சொல்லலாம். மினிட்மேனுக்கு என் தேர்வு நொடிப்படையாள். 'கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை'ன்னு தொல்காப்பியம் சொல்ற விரல் நொடிக்கிற நேரம் அது, நாமளும் 'ஒரு நொடில வந்துடுவான்'னுதான பேசுறோம். பலரைச் சேத்து சொல்லும்போது நொடிப்படையினர். 1960கள்லேந்து அமெரிக்கா வச்சிருக்கிற அணு ஏவுகணைக்கும் மினிட்மேன்னு பேர் இருக்கு, அது வெறும் பேர்ங்கிறதால அப்படியே எழுதிடலாம்.