‘நுந்தை’யும் அராவாக் ‘நு’வும்

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “தென்னமெரிக்க அராவாக் மொழிகளில் ‘நு’ என்றொரு முன்னொட்டு உண்டாமே. நம் ‘நுந்தை’யில் வருவதும் அதுதானே? அவர்களும் தமிழர்களா?”

இல்லை. ‘நுந்தை’ என்றால் உங்கள் தந்தை. நம் ‘நு’ உங்களுடையது, அவர்களின் ‘நு’ என்னுடையது. தற்செயல் ஒற்றுமை, அவ்வளவுதான். ஆனால் கேள்வி சரியான இடத்தைத் தொட்டுவிட்டது.

ஒலி ஒத்துப்போனால் உறவு என்று சொல்ல முடியாது. ‘கொய்யா’வையே பாருங்கள். கரீபியத் தீவுகளின் அராவாக் சொல் ஸ்பானியருக்குப் போய், போர்த்துகீசியர் வழியாக நம் தோட்டத்துக்கு வந்தது. பழத்தோடு பெயரும் கப்பலேறும். ‘என்’, ‘உன்’ அவ்வளவு சுலபமாக ஏறாது.

1780களில் ஜீலி என்ற இத்தாலியப் பாதிரியார் இதைத்தான் பிடித்துக்கொண்டார். ஒரினோகோ ஆற்றங்கரையின் மைப்பூரே மொழியும், வெகு தொலைவில் பொலிவியாவில் பேசப்படும் மோஹோ மொழியும் ஒரே குடும்பம் என்று கண்டார். இரண்டிலும் ‘நு’ என்றால் ‘என்’, ‘பி’ என்றால் ‘உன்’. இன்று இக்குடும்பத்தில் சுமார் 40 மொழிகள் உயிரோடிருக்கின்றன. பலவற்றுக்கு நல்ல அகராதிகூட இல்லை. கல்வெட்டு நாளைக்கும் இருக்கும், கடைசியாகப் பேசும் பாட்டி இருக்கமாட்டார். ஆய்வுப் பணம் முதலில் இந்த மொழிகளைப் பதிவுசெய்யப் போக வேண்டும் என்பேன்.

சரி, முன்னொட்டுக்கு வருவோம். சங்கத் தமிழின் எந்தை, நுந்தை போலவே, இந்த மொழிகளில் உறவுப்பெயரும் உடலுறுப்பும் பொதுவாக உடையவரைச் சுமந்துகொண்டே வரும். கொலம்பியா, வெனிசுவேலா எல்லையில் சில லட்சம் பேர் பேசும் வாயு மொழியில் ‘தாஷி’ என்றால் என் அப்பா. இங்கே ‘நு’ போய் ‘த’ வந்துவிட்டது. கயானா, சுரிநாம் பக்கம் பேசும் லொகோனோ மொழியிலும் அப்படியே, அந்த ‘த’ மட்டும் கொஞ்சம் அதிர்ந்து ‘da’ என ஒலிக்கும். இப்படிச் சேர்ந்து மாறியதே இவ்விரண்டும் நெருங்கிய கிளைகள் என்பதற்கு ஒரு தடயம்.

எனக்கு மிகவும் பிடித்தது இதே குடும்பத்தின் கரிஃபுனா. கரீபியக் கடலின் செயின்ட் வின்சென்ட் தீவிலிருந்து 1797இல் ஆங்கிலேயர் நாடுகடத்திய மக்களின் மொழி, இன்று ஹோண்டுராஸ், பெலீஸ் பக்கம் வாழ்கிறது. அதில் ‘நான்’ என்பதற்குப் பெண்கள் ‘நுகுயா’ என்பார்கள். உள்ளே அதே பழைய ‘நு’. ஆண்கள் சொல்வது ‘ஆவ்’. முற்றிலும் வேறு குடும்பமான கரீபு மொழியிடம் வாங்கியது. ஆக, ‘நான்’கூட அபூர்வமாகக் கடன் போகும்! ஆனால் தனிச்சொல் மட்டும்தான் போனது, முன்னொட்டு அசையவில்லை. தன்னை ‘ஆவ்’ என்று சொல்லும் அதே ஆண், அப்பாவைப் பற்றிப் பேசும்போது ‘நுகுச்சி’ என்றுதான் சொல்கிறார்.