அந்தக் கரகரப்பு நடிப்பா, நோயா?

குரல் கெட்டுப்போனவர்கள் அதைச் சரிசெய்து தரும்படி கேட்டுத்தான் என்னிடம் வருவார்கள். குணச்சித்திர நடிகர்கள் சிலர் மட்டும் சரிசெய்துவிடக் கூடாதே என்ற பயத்தோடு வருகிறார்கள். மேடையில் நெடுங்காலம் நின்ற மூத்தவர் ஒருவர் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்) வெளிப்படையாகவே கேட்டார்: "தம்பி, வலியை மட்டும் எடுத்துவிடும். கரகரப்பில் கைவைக்காதேயும். அதற்காகத்தான் என்னை நாடகங்களுக்குக் கூப்பிடுகிறார்கள்."

அவர் சொன்னதில் பொய்யில்லை. கண்டிப்பான தகப்பன், குடிகாரப் பெரியப்பா, வட்டிக்குக் கொடுப்பவர் என்று இரண்டு காட்சிகளில் வந்துபோகிறவரைப் பார்வையாளர்கள் நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் குரலால்தான். ஆனால் கொழும்பில் பேச்சுச் சிகிச்சையாளனாக நான் பார்த்தவரையில், நடிகர் தன் முத்திரை என்று கொண்டாடும் கரகரப்பு பல வேளைகளில் ஆறாத காயம்.

காது மூக்கு தொண்டை வைத்தியர் அவருடைய மூக்கு வழியாக மெல்லிய கெமராக் குழாயை இறக்கினார். திரையில் வெள்ளை வெளேரென்று இரண்டு குரல்நாண்கள். வலது நாணின் விளிம்பில் சிவந்த சிறு கட்டி. 'ஈ' என்று நீட்டச் சொன்னதும் நாண்கள் மூட முயன்றன. கட்டி குறுக்கே நின்றதால் அதன் முன்னும் பின்னும் இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியால் கசிந்த காற்றுத்தான் இயக்குநர்கள் விரும்பிக் கேட்ட கரகரப்பு. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுவா இத்தனை நாளும் நடித்தது?" என்று கேட்டார்.

பேசும்போது குரல்நாண்கள் ஆண்களுக்கு நொடிக்கு 100 தடவைக்கு மேலும் பெண்களுக்குச் சுமார் 200 தடவையும் ஒன்றோடொன்று மோதுகின்றன. கத்தும்போது மோதலின் வேகமும் விசையும் கூடுகின்றன. மேடைப் பயிற்சி பெற்றவருக்கு இது புதிதல்ல. வெள்ளவத்தை மண்டபங்களின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி அவர் பழகியிருக்கிறார். கூத்து ஆடியவர் என்றால் திறந்தவெளியில் விடிய விடியப் பாடியிருக்கிறார். மூச்சு வயிற்றிலிருந்து எழும்பும்வரை அந்தப் பழக்கம் அவரைக் காப்பாற்றும்.

படப்பிடிப்பில் கதை வேறு. மகன் செத்த செய்தி கேட்டுக் கதறும் காட்சியை மேடையில் ஓர் இரவுக்கு ஒருமுறை நடித்தால் போதும். கெமராவுக்கு முன்னால் முழுக் காட்சிக்கு ஒரு கதறல், குளோஸ்-அப்புக்கு இன்னொன்று, எதிரே நிற்பவரின் குளோஸ்-அப்புக்கு எடுத்துக்கொடுக்க மறுபடியும். அதுவும் எப்போது? காலையிலேயே வரச்சொல்லிவிட்டு, கதாநாயகியின் காட்சிகள் எல்லாம் முடிந்த பிறகு, இரவில். இடைப்பட்ட நேரம் பிளேன் டீயிலும் சிகரெட்டிலும், ஜெனரேட்டர் இரைச்சலுக்கு மேலாகக் கத்திக் கதைப்பதிலும் போய்விடுகிறது. ஒலிப்பதிவுக்காக மின்விசிறியையும் நிறுத்திவிடுவார்கள். வியர்த்து, தண்ணீரில்லாமல் வறண்டுபோன தொண்டையோடு கதற வேண்டும். நள்ளிரவில் கொத்துரொட்டி சாப்பிட்டு உடனே படுத்தால், இரைப்பை அமிலம் மேலேறி மிச்சத்தையும் புண்ணாக்கிவிடும்.

இலங்கை வானொலி நாடகங்களில் ஊறிய தலைமுறைக்கு இந்தத் தொல்லை குறைவாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். கே. எஸ். பாலச்சந்திரன் போன்றவர்கள் மேடையிலும் வானொலியிலும் திரையிலும் நடித்தவர்கள். மைக்குக்கு முன்னால் நின்று பழகியவருக்குக் கிழவனாக மாறத் தொண்டையை நெரிக்கத் தேவையில்லை. மூச்சை இடையில் விட்டு, சொல்லைத் தாமதித்து, தாடையைத் தளர்த்தினால் மைக்கே முதுமையைக் காட்டிவிடும். சின்னத்திரை நடிகருக்கும் டப்பிங் கலைஞருக்கும் நான் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் இதைத்தான்.

இயக்குநரிடம் கேட்கவும் கூச்சப்படாதீர்கள். கத்தும் வசனத்தைக் கடைசியாக எடுக்கலாம். மற்றவரின் குளோஸ்-அப்புக்கு முகபாவத்தை மட்டும் கொடுக்கலாம். படப்பிடிப்புக்கு முன்னால் அரைக் கிளாஸ் தண்ணீரில் உறிஞ்சு குழலை இரண்டு விரற்கடை ஆழம்வரை வைத்து, 'ஊ' என்று குரல் கொடுத்தபடி குமிழி விடுங்கள். நாண்கள் மெல்லத் தளரும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கொத்தமல்லித் தண்ணீரை நான் தடுப்பதில்லை, குடிப்பது தண்ணீர்தானே. ஆனால் தொண்டையை மரத்துப்போக வைக்கும் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு கத்தப் போகாதீர்கள்.

கத்தும்போது குரல் சட்டென்று அறுந்தால், நாணில் இரத்தம் கசிந்திருக்கலாம். அந்த நிமிடமே பேச்சை நிறுத்துங்கள், கிசுகிசுக்கவும் வேண்டாம். நீங்களாக டிஸ்பிரின் போடாதீர்கள். அது இரத்தக்கசிவைக் கூட்டும். இருதயத்துக்கென்று வைத்தியர் எழுதிக்கொடுத்ததை மட்டும் அவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

கரகரப்பு 3 வாரங்களைத் தாண்டினால், அதனால் வேடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், கெமரா வைத்துப் பார்த்தே ஆகவேண்டும். புகைப்பவர்களுக்கு அது குரல்வளைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். உள்ளே என்ன என்று தெரிந்த பிறகு எந்தக் குரலை வைத்துக்கொள்வது என்று பேசலாம். அந்த மூத்தவர் கட்டியை எடுத்துவிட்டு, வாரக்கணக்கில் பயிற்சி செய்து, இப்போது கரகரப்பை வேடத்துக்கு மட்டும் வரவழைக்கிறார்.

தேசிய வைத்தியசாலையின் காது மூக்கு தொண்டை கிளினிக்கில் இதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. பதிவு செய்யும்போது ஒன்றை மறக்காதீர்கள். இங்கே தமிழ் நாடகக்காரர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். தொழில் என்ற இடத்தில் எழுதுவினைஞர் என்றோ ஆசிரியர் என்றோ சொல்லிவிடுகிறார்கள். நடிகர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குரல் நன்றாக இருந்த காலத்து ஒலிப்பதிவு ஏதாவது தொலைபேசியில் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள்.