ஐம்பதாயிரம் பேர் ஒரே நொடியில் அமைதியாவது எப்படி?

2016 மார்ச் 13. ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் போருசியா டார்ட்மண்ட், மைன்ஸ் என்ற இரு கால்பந்து அணிகள் ஆடிக்கொண்டிருந்தன. எண்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம். அந்த ஸ்டேடியத்தின் தெற்கு கேலரியில் மட்டும் ஏறக்குறைய 25,000 பேர் நின்றபடியே ஆட்டம் பார்ப்பார்கள். தொண்ணூறு நிமிடமும் அங்கே பாட்டு ஓயாது. அன்று இரண்டாம் பாதியில் ஓய்ந்தது. கொடிகள் இறங்கின. ஆடிக்கொண்டிருந்த வீரர்களுக்கே என்ன நடக்கிறதென்று புரியவில்லை. கேலரியில் ஒரு ரசிகர் மாரடைப்பால் இறந்துவிட்டார், இன்னொருவர் மயங்கி விழுந்திருக்கிறார் என்ற செய்தி வரிசை வரிசையாகக் கூட்டத்துக்குள் பரவியிருந்தது. ஆட்டம் முடிந்ததும் இரு அணி ரசிகர்களுமாகச் சேர்ந்து 'யூ வில் நெவர் வாக் அலோன்' பாடலைப் பாடினார்கள்.

ஆட்டத்தின் பரபரப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பு வெறும் பேச்சல்ல. 2006 உலகக் கோப்பையின்போது மியூனிக் வட்டாரத்தில் நடந்த ஓர் ஆய்வில், ஜெர்மனி ஆடிய நாட்களில் இதயக் கோளாறு காரணமான அவசர சிகிச்சைகள் வழக்கத்தைவிட 2.66 மடங்கு இருந்தது தெரியவந்தது. ஆனால் இந்தக் கட்டுரை அதைப் பற்றியதல்ல. ஒரு சக ரசிகரின் மறைவுக்குப் பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் ஒரே விதமாக எப்படி அஞ்சலி செலுத்துகிறார்கள் என்பதைப் பற்றியது. துக்கம் ஒவ்வொருவர் மனதிலும் தானாக வரும். அதை எல்லோரும் ஒன்றாக வெளிக்காட்டுவதுதான் சிக்கல். அதில் ஒலியியலும் இருக்கிறது, கொஞ்சம் கணக்கும் இருக்கிறது.

முதலில் மௌன அஞ்சலி. பார்க்க மிக எளிது, யாரும் எதுவும் செய்யவேண்டாம். உண்மையில் இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. ஒருவர் உரக்கக் கத்தினால் ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 90 டெசிபல் இருக்கும். திறந்த வெளியில் தூரம் இரு மடங்காகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். அப்படியானால் 100 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு அது ஏறக்குறைய 50 டெசிபலாகப் போய்ச் சேரும். ஆரவாரத்தின் உச்சத்தில் ஸ்டேடியம் 100 டெசிபலைத் தொடும். அதற்குள் இந்த 50 இருக்கும் இடமே தெரியாது. ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு மாறும்; அப்படிப் பார்த்தால் அது ஆரவாரத்தில் லட்சத்தில் ஒரு பங்கு. ஆனால் எல்லோரும் வாய்மூடி நிற்கும்போது அதே 50 டெசிபல் மைதானத்தின் மறுகோடி வரை தெளிவாகக் கேட்கும். கூரை ஒலியை உள்ளேயே திருப்பி அனுப்புவதால் இன்னும் நன்றாகவே கேட்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம். கூட்டத்தில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் மட்டும் அந்த ஒரு நிமிடத்தில் கத்தக்கூடியவர் என்று வையுங்கள். குடித்திருக்கலாம், எதிரணி மேல் வெறுப்பாக இருக்கலாம், தாமதமாக வந்து விஷயம் தெரியாமலும் இருக்கலாம். 50,000 பேர் கூட்டத்தில் அப்படிப்பட்டவர்கள் சராசரியாக ஐந்து பேர். ஒருவர்கூடக் கத்தாமல் அந்த நிமிடம் கழிய வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே. லட்சத்துக்கு ஒருவர் என்று குறைத்தாலும் வாய்ப்பு 61 சதவீதம்தான். 49,999 பேர் ஒழுங்காக நின்றும் மறுநாள் செய்தியில் அந்த ஒருவர்தான் வருவார். கூட்டம் பெரிதாகப் பெரிதாக மௌனம் பலவீனமாகிக்கொண்டே போகும்.

கைதட்டல் இதற்கு நேர்மாறு. கூட்டம் கூடக் கூட அது வலுப்படும். பத்து மடங்கு ஆட்கள் தட்டினால் 10 டெசிபல் ஏறும். நாலு பேர் கூச்சல் போட்டாலும் அது கைதட்டலிலேயே கரைந்துவிடும். இத்தாலி, ஸ்பெயின் போன்ற நாடுகளில் இறந்தவருக்காகக் கைதட்டும் பழக்கம் முன்பே இருந்தது. 2000-களில் இங்கிலாந்து மைதானங்களுக்கும் அது பரவலாக வந்து சேர்ந்தது. துக்கத்தைவிட வாழ்க்கையைக் கொண்டாடுவது மேல் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அது உண்மைதான். கூடவே, எதிரணி ரசிகர்கள் கெடுத்துவிடுவார்களோ என்ற பயத்துக்கும் அது நல்ல மருந்தாக அமைந்தது என்பது என் கருத்து.

கைதட்டலிலும் இரண்டு வகை உண்டு. ஆளாளுக்கு இஷ்டப்படி தட்டுவது ஒன்று, எல்லோரும் தாளம் பிசகாமல் சேர்ந்து தட்டுவது இன்னொன்று. முதலாவது இரண்டாவதாக மாறுவதை ஐந்து இயற்பியலாளர்கள் அரங்குகளில் ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து 2000-ல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். உற்சாகமாகத் தட்டும்போது ஒருவர் நொடிக்குச் சுமார் நான்கு முறை தட்டுகிறார். அந்த வேகத்தில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் அதிகம், அதனால் ஒன்று சேர்வதே இல்லை. சேர வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் ஏறக்குறைய பாதி வேகத்துக்கு, அதாவது நொடிக்கு இரண்டு தட்டலுக்கு இறங்க வேண்டும். அப்போது வித்தியாசம் சுருங்கி, தாளம் தானாகப் பிடித்துக்கொள்கிறது. அப்புறம்தான் வேடிக்கை. தட்டல் பாதியானதால் மொத்தச் சத்தம் குறைகிறது. கூட்டத்துக்கு அது போதவில்லை, வேகத்தைக் கூட்டுகிறார்கள், தாளம் உடைகிறது. மறுபடி இறங்குகிறார்கள், மறுபடி சேர்கிறது. யாரும் கட்டளையிடாமலே இந்த ஏற்ற இறக்கம் நடந்துகொண்டிருக்கும்.

2016 யூரோ போட்டியில் ஐஸ்லாந்து ரசிகர்கள் உலகம் முழுக்கப் பிரபலமாக்கிய கைதட்டலைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். தலைக்கு மேல் ஒரே ஒரு தட்டு, 'ஹூ' என்று ஒரு குரல், நீண்ட இடைவெளி, மறுபடி ஒரு தட்டு. பிறகு மெல்ல மெல்ல வேகம் பிடிக்கும். அந்த இடைவெளிதான் சூட்சுமம். கைகள் மேலே விரிந்து நிற்பது எல்லோர் கண்ணிலும் படுகிறது, அடுத்த தட்டு எப்போது என்று பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கடைசியில் வேகம் எல்லை மீறும்போது தாளம் சிதறி வெறும் ஆரவாரமாகிவிடும், அதுவும் அழகாகத்தான் இருக்கும்.

கண்ணை நம்ப வேண்டிய அவசியம் ஏன்? ஒலி மெதுவானது. காற்றில் அது நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். கால்பந்துக் களத்தின் நீளம் 105 மீட்டர். இரண்டு கோல்களுக்கும் பின்னால் உள்ள கேலரிகளின் ஆழத்தையும் சேர்த்தால், ஒரு கோடிக்கும் மறுகோடிக்கும் 200 மீட்டர் இருக்கலாம். இங்கே பாடும் சொல் அங்கே போய்ச் சேர ஏறக்குறைய 0.6 நொடி. நடுத்தர வேகப் பாட்டில் ஒரு தாளத்துக்கும் அடுத்ததற்கும் அரை நொடிதான். அதாவது எதிர் கேலரி எப்போதுமே ஒரு தாளம் பிந்தியே கேட்கும். காதில் விழுந்ததை வைத்து இரு கோடியும் சேர்ந்து பாட முயன்றால் பாட்டு இழுபடும். ஒலிபெருக்கியில் இசை நின்ற பிறகும் கூட்டம் பாடிக்கொண்டிருக்கும்போது ஒருவித அலையடிப்பு கேட்கிறதே, அதற்கு இதுதான் காரணம். அல்ட்ராஸ் எனப்படும் தீவிர ரசிகர் குழுக்களில் 'கேப்போ' என்று ஒருவர் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி, ரசிகர்களைப் பார்த்தபடி மெகாஃபோனுடன் நிற்பார். அவர் கை அசைவு ஒளி வேகத்தில் போய்ச் சேரும், பக்கத்தில் முழங்கும் டிரம் அப்படிப் போகாது. கால்பந்தைப் பார்க்காமல் கால்பந்து மைதானத்தில் தொண்ணூறு நிமிடம் நிற்கும் அந்த மனிதரின் தியாகத்துக்கே தனியாக ஓர் அஞ்சலி வைக்கலாம்!

இவையெல்லாம் தொடங்கிய பிறகு நடப்பவை. எப்போது தொடங்குவது என்று யார் சொல்வது? மௌனத்துக்கு நடுவரின் விசில் இருக்கிறது. ரசிகர்கள் தாங்களாகச் செய்யும் அஞ்சலிக்கு விசில் கிடையாது. அங்கேதான் கடிகாரம் வருகிறது.

ஸ்பெயினின் எஸ்பான்யோல் அணித் தலைவர் டேனி ஹார்க்கே 2009 ஆகஸ்டில் 26 வயதில் இறந்தார். அவருடைய சட்டை எண் 21. அன்று முதல் அந்த அணி ஆடும் ஆட்டங்களில் 21-வது நிமிடத்தில் ரசிகர்கள் கைதட்டுகிறார்கள். இங்கிலாந்தில் ஆஸ்டன் வில்லா ரசிகர்கள் 2012-ல் தங்கள் அணி வீரர் ஸ்டிலியன் பெட்ரோவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும், அவருடைய எண்ணான 19-வது நிமிடத்தில் எழுந்து தட்டத் தொடங்கினார்கள். மறைந்த ரசிகர்களுக்கும் இதே முறைதான். அவர்களுக்குச் சட்டை எண் கிடையாது என்பதால் வயதை எடுத்துக்கொள்வார்கள். முன்பின் பேசிக்கொள்ளாத மனிதர்கள், எல்லோருக்கும் பளிச்செனத் தெரியும் ஒரு குறியில் வந்து சந்தித்துக்கொள்வார்கள் என்று பொருளாதார அறிஞர் தாமஸ் ஷெல்லிங் விளக்கியிருக்கிறார். பெரிய திரையில் ஓடும் நிமிடம் அப்படிப்பட்ட ஒரு குறி. எனக்குத் தெரிவது மட்டும் போதாது. பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் தனியாக எழுந்து நிற்கும் கூச்சம் இல்லை. இப்போதெல்லாம் ஒரே ஆட்டத்தில் இரண்டு மூன்று நிமிடங்களுக்கு இப்படிக் கைதட்டல் கேட்கப்படுகிறது. எந்த நிமிடம் யாருக்கு என்று குழம்பினால் குறியின் பளிச்சென்ற தன்மையே போய்விடும். இதைக் கொஞ்சம் சிக்கனமாகச் செய்யலாம் என்றே தோன்றுகிறது.

நேரத்தை வைத்துச் செய்த பெரிய அஞ்சலிகளில் ஒன்று 2014 ஏப்ரலில் நடந்தது. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் ஏற்பட்ட நெரிசலில் சிக்கி இறந்த லிவர்பூல் ரசிகர்களின் எண்ணிக்கை இன்று 97. மூன்று மணிக்குத் தொடங்கிய அந்த ஆட்டம் 3:06-க்கு நிறுத்தப்பட்டது. 25-வது நினைவு நாளையொட்டி இங்கிலாந்தில் அந்த வார இறுதி ஆட்டங்கள், அந்த ஆறு நிமிடமும் ஒரு நிமிட மௌனமும் சேர்த்து, ஏழு நிமிடம் தாமதமாகத் தொடங்கப்பட்டன.

சேர்ந்து செய்வதால் உடலில் என்ன நடக்கிறது? ஆக்ஸ்ஃபோர்டு படகு வீரர்களை வைத்து 2010-ல் ஒரு சோதனை வெளியானது. ஒரே அளவு உழைப்புதான்; ஆனால் தனியாகத் துடுப்பு போட்டபோது இருந்ததைவிட ஒரே தாளத்தில் குழுவாகப் போட்ட பிறகு அவர்களால் அதிக வலியைத் தாங்க முடிந்தது. உடல் தானே சுரக்கும் வலிநிவாரணியான எண்டார்ஃபின் கூடியதன் அடையாளமாக ஆய்வாளர்கள் அதைப் பார்க்கிறார்கள். ஆயிரக்கணக்கானவர்களோடு சேர்ந்து பாடிவிட்டு வருபவர் மனம் லேசானதாகச் சொன்னால் நம்பலாம்.

ஆனால் எதிரணி ரசிகர்கள் ஏன் சேர்ந்துகொள்ள வேண்டும்? ஹில்ஸ்பரோ நடந்த நான்காம் நாள், மிலான் நகரின் சான் சீரோ மைதானத்தில் ஏசி மிலானும் ரியால் மாட்ரிட்டும் ஆடின. மௌன அஞ்சலிக்காக நடுவர் ஆட்டத்தை நிறுத்தியபோது, மிலான் ரசிகர்கள் லிவர்பூலின் பாட்டான அதே 'யூ வில் நெவர் வாக் அலோன்' பாடலைப் பாடினார்கள். லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்க் லெவின் குழு 2005-ல் வெளியிட்ட சோதனை இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களை அழைத்து, அந்த அணியின் மேல் அவர்களுக்குள்ள பற்றைப் பற்றி எழுதவைத்தார்கள். பிறகு அவர்கள் கண்முன்னே ஒருவர் வழுக்கி விழுந்து வலியில் துடிப்பதாக நடித்தார். அவர் யுனைடெட் சட்டை போட்டிருந்தால் பெரும்பாலோர் உதவினார்கள். லிவர்பூல் சட்டை என்றால் பெரும்பாலோர் தாண்டிப் போனார்கள். வேறொரு குழுவிடம் பொதுவாகக் கால்பந்து ரசிகராக இருப்பதைப் பற்றி எழுதச் சொன்னார்கள். இவர்கள் லிவர்பூல் சட்டைக்காரருக்கும் உதவினார்கள். எந்த அணியின் சட்டையும் போடாத சாதாரண உடைக்காரரைத்தான் பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை. 'நாம்' என்ற வட்டம் விரிந்தது. ஆனால் அதற்கும் ஓர் எல்லை இருந்தது.

வட்டம் எப்போதும் விரிந்துவிடும் என்று சொல்லமுடியாது. 1985-ல் பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில், லிவர்பூல் ரசிகர்கள் பாய்ந்து வந்ததில் ஏற்பட்ட நெரிசலில் 39 பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் யுவென்டஸ் ரசிகர்கள். இருபது ஆண்டு கழித்து, 2005 ஏப்ரலில் இரு அணிகளும் லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் சந்தித்தபோது, லிவர்பூல் ரசிகர்கள் ஆளுக்கொரு அட்டையைத் தூக்கிப் பிடித்து கேலரி முழுக்க இத்தாலிய மொழியில் 'நட்பு' என்று எழுதிக்காட்டினார்கள். யுவென்டஸ் ரசிகர்களில் சிலர் கைதட்டினார்கள். பலர் திரும்பி நின்று முதுகைக் காட்டினார்கள்.