எண்ணெய் இறக்கும் வேலையும் அமோனியா விபத்தும்

காசிமேடு, ராயபுரம் வட்டாரத்து ஐஸ் கம்பெனிகளுக்கோ மாதவரம், செங்குன்றம் பக்கத்துக் குளிர்பதனக் கிடங்குகளுக்கோ பாதுகாப்புத் தணிக்கைக்குச் சென்றால், முதலில் மேசைக்கு வருவது கோப்புதான். உரிமம், அழுத்தக் கலன்களின் சோதனைச் சான்றிதழ், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று எல்லாம் வரிசையாக அடுக்கியிருக்கும். அவற்றைப் புரட்டி முடித்ததும், வாயுவை அழுத்தும் கம்ப்ரசர் இருக்கும் அறையில், குளிரூட்டும் அமைப்பில் தேங்கும் ஆயிலை (மசகெண்ணெயை) யார் வடித்து இறக்குகிறார்கள், எப்படி இறக்குகிறார்கள் என்று கேட்பது என் வழக்கம். பெரும்பாலும் கோப்பில் அதற்கு விடை இருப்பதில்லை. ஆனால் அமோனியாவைச் சுழலவிட்டுக் குளிரூட்டும் இந்த முறையில் ஆள் காயப்படும் இடங்களில் முன்னிலையில் நிற்பது இந்த அன்றாட வேலைதான்.

கம்ப்ரசரிலிருந்து வாயுவோடு சிறிது சிறிதாக வெளியேறும் மசகெண்ணெய் அமோனியாவோடு கலப்பதில்லை. திரவ அமோனியாவைவிடக் கனமானது என்பதால் ரிசீவர், அக்யுமுலேட்டர் எனும் அமோனியாக் கலங்கள், குளிரூட்டும் குழாய்ச்சுருளான காயில் ஆகியவற்றின் அடியில் தேங்கிவிடுகிறது. அதை இறக்காவிட்டால் குளிர்ச்சி குறையும், கரண்ட் பில் ஏறும். குளிர்ந்த பக்கத்தில் எண்ணெய் பாகுபோல் கெட்டிப்பட்டிருப்பதால், வால்வைத் திறந்தாலும் உடனே இறங்காது. ஆபரேட்டர் இன்னொரு சுற்றுத் திறப்பார். வாளியை வைத்துவிட்டு ஐஸ் கேன் தூக்கும் இடத்தை ஒரு பார்வை பார்த்துவரப் போவார். அடைத்திருந்த எண்ணெய் விலகிய நொடியில், அகலத் திறந்திருக்கும் வால்வின் வழியாகத் திரவ அமோனியா பீறிட்டுக் கிளம்பும். ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 850 லிட்டர் வாயுவாக விரியும் என்பதால், திரும்பி ஓடிவந்து வால்வை மூடலாம் என்பது நடக்காத காரியம்.

இதற்குரிய முறை புதியதோ செலவு மிகுந்ததோ அன்று. எண்ணெயை நேரே கலத்திலிருந்து இறக்காமல், எண்ணெயைச் சேர்த்துக்கொள்ளத் தனியாக ஓர் ஆயில் பாட் (சிறு கலம்) வைத்து, அதைக் கலத்திலிருந்து துண்டித்து, அதிலுள்ள அமோனியா முழுவதும் ஆவியாகிக் கம்ப்ரசரின் உறிஞ்சு குழாய்க்குத் திரும்பிய பின்னரே இறக்க வேண்டும். சாதாரண வால்வுக்கு அடுத்து, கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வு ஒன்று இருக்க வேண்டும். அதன் கைப்பிடியைக் கம்பியால் இழுத்துக் கட்டிவைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன், அப்படியானால் அது இருந்தும் இல்லாததே. வேலை முடியும்வரை முகமூடி அணிந்த ஒருவர் வால்வை விட்டு அகலாமலும், இன்னொருவர் வாசலருகிலும் நிற்க வேண்டும்.

முகமூடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். காற்றிலுள்ள அமோனியாவை வடிகட்டும் கேனிஸ்டர் முகமூடி மானேஜர் அறை அலமாரியில் பூட்டிக் கிடக்கும், இல்லையென்றால் கம்ப்ரசர் அறையின் உள்சுவரிலேயே தொங்கும். இரண்டும் ஆபத்து வேளையில் எட்டாத இடங்கள். அது அறைக்கு வெளியே, கதவருகே இருக்க வேண்டும். எட்டு மணி நேர வேலைக்குப் பரிந்துரைக்கப்படும் வரம்பு காற்றில் பத்து லட்சத்துக்கு 25 பங்கு அமோனியா. 300 பங்கை எட்டினால் உயிருக்கே உடனடி ஆபத்து. அந்த அளவுக்கு மேல் கேனிஸ்டரை நம்பி உள்ளே போகக் கூடாது. முதுகில் சிலிண்டர் சுமக்கும் சுவாசக் கருவியும் அதில் பயிற்சி பெற்றவரும் வேண்டும். "வாடை வந்தால் தெரிந்துவிடும் சார்" என்பார்கள். வாடை வரும் என்பது உண்மை, ஆனால் அதிலேயே புழங்குகிறவரின் மூக்கு மரத்துப்போகும். கசிவு இருக்கும் இணைப்பைக் கண்டுபிடிக்க, ஈரப்படுத்திய சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாவதைப் பார்ப்பதே நம்பகமான வழி.

சட்டத்தைப் பற்றிய ஒரு தவறான எண்ணமும் பரவலாக இருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் அபாயகர வேதிப்பொருள் விதிகளில் தனித்த சேமிப்புக்கு அமோனியாவின் அளவு 60 டன் என்றிருப்பதால், சில டன் மட்டுமே வைத்திருக்கும் தங்களுக்கு அந்த விதிகளே பொருந்தாது என்று பலர் கருதுகிறார்கள். அந்த அளவு, தொழிற்கூடத்தோடு சேராமல் தனியாக வைக்கும் சேமிப்புக்கானது. ஆபத்துகளை இனங்கண்டு, தடுக்கும் ஏற்பாடு செய்து, தொழிலாளர்களுக்குத் தகவலும் பயிற்சியும் கருவியும் தர வேண்டும் என்ற 4-ஆம் விதி, அபாயகர வேதிப்பொருள் பயன்படும் தொழிற்செயல்பாட்டுக்கு அளவு வரம்பு எதையும் வைக்கவில்லை.

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக நள்ளிரவில் வீடுகளை விட்டு ஓடினார்கள். அது உரத் தொழிலுக்கான குழாய் என்றாலும், வாயு ஒன்றுதான். காற்றைவிட இலேசானது, மேலே போய்விடும் என்பது வறண்ட காற்றுக்குப் பொருந்தும். நம் ஊர் ஈரக்காற்றில் பீறிடும் அமோனியா வெண்ணிற மூட்டமாகத் தரையோடு தவழும். பகலில் கடற்காற்று அதை ஊருக்குள் தள்ளும், இரவில் நிலக்காற்று கடற்கரைக் குப்பங்களின் பக்கம் திருப்பும். ஆகவே கூரையில் காற்றுத்திசைப் பை ஒன்று இருப்பதும், காற்றுக்குக் குறுக்காக விலகி ஓடவேண்டும் என்பது இரவுப் பணியாளருக்கும் தெரிந்திருப்பதும் அவசியம். பரவும் மூட்டத்தின் மீது தண்ணீரைத் தூவலாம். தேங்கிய திரவத்தின் மீது ஊற்றினால் அது சூடேறி மேலும் வேகமாகக் கொதித்தெழும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். உடலோடு உறைந்து ஒட்டிய துணியை நீர் விட்டு இளக்கிய பிறகே கழற்ற வேண்டும், இழுத்தால் தோலும் சேர்ந்து வரும்.