சொல் விளக்கம்: சுவிசேஷமும் சீஷத்துவமும்

‘நம்ம சபையில எவாஞ்சலிசம் நல்லா நடக்குது, டிசைப்பிள்ஷிப்தான் போதல’ என்று கமிட்டிக் கூட்டங்களில் பேசிக்கொள்வார்கள். இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களும் (evangelism, discipleship) தமிழ்ப் பேச்சிலேயே கரைந்துவிட்டன. சரி, தமிழில் இவற்றுக்கு என்ன?

முதல் சொல்லில் பெரிய சிக்கல் இல்லை. புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் அதன் வேர் ‘யூஆங்கெலியோன்’. ‘யூ’ என்றால் நல்ல. ‘ஆங்கெலோஸ்’ என்றால் தூதன். ஹோமரின் காவியத்தில் இந்தச் சொல், நல்ல சேதி கொண்டுவந்தவனுக்குக் கொடுக்கும் வெகுமதியைக் குறித்தது. அப்புறம்தான் சேதிக்கே பெயரானது. இன்றைய துருக்கியில் உள்ள பிரியேனேயில் கிடைத்த கி.மு. 9ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ரோமப் பேரரசன் அகுஸ்துராயனின் பிறந்தநாளைப் போற்றும்போது இச்சொல்லைத்தான் கையாள்கிறது. அதாவது, இது அரசர்களின் அறிவிப்புக்கும் பழகிய சொல்.

சுவிசேஷம் என்பது சு + விசேஷம். வடமொழியில் விசேஷம் என்றால் தனிச்சிறப்பு. நம் வாயிலோ ‘என்ன விசேஷம்?’ என்றால் ‘என்ன சேதி?’ என்று பொருள். கல்யாணமான புதிதில் அத்தைமார் ‘ஏதாவது விசேஷம் உண்டா?’ என்று கேட்பதும் சேதியைத்தான். அந்த வழக்கோடு சேர்த்துப் படித்தால் சுவிசேஷம் நல்ல சேதியாகிவிடுகிறது. நேர்த் தமிழ், நற்செய்தி. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து 1995இல் கொண்டுவந்த திருவிவிலியம் இதையே ஆள்கிறது.

டிசைப்பிள்ஷிப்தான் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். கிரேக்க ‘மதேத்தேஸ்’, கற்றுக்கொள்வதைக் குறிக்கும் ‘மந்தானோ’ என்ற வினையிலிருந்து வந்தது, ஆகவே கற்பவன். வடமொழி ‘சிஷ்ய’ போதிப்பதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. ஆகவே போதிக்கப்பட வேண்டியவன். சீஷன், சீடன் இரண்டும் அதன் தமிழ் உருவங்களே. தனித்தமிழில் மாணாக்கன் உண்டு. ஆசிரியரிடம் மாணாக்கன் எப்படி ஒழுக வேண்டும் என்று நன்னூல் சொல்லும்போது, ‘அழலின் நீங்கான் அணுகான் அஞ்சி, நிழலின் நீங்கான் நிறைந்த நெஞ்சமோடு’ என்கிறது. தீக்காய்பவன்போல அதிகம் நெருங்காமல், விலகிப் போய்விடாமல், நிழலாய்க் கூடவே இருப்பது. மாற்கு 3:14இல் இயேசு பன்னிருவரை நியமித்த நோக்கமும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது: ‘தம்மோடுகூட இருக்கவும்’ என்பது முதலில், பிரசங்கிக்க அனுப்புவது அடுத்தது.

இப்போது மத்தேயு 28:19. சுவிசேஷக் கூட்டங்களில் அதிகம் முழங்குவது இந்த வசனம்தான். கிரேக்க மூலத்தில் முற்றாக நிற்கும் ஏவல் வினை ஒன்றே ஒன்று: சீஷராக்குங்கள். போவது, ஞானஸ்நானம் கொடுப்பது, கற்பிப்பது எல்லாம் அதைச் சார்ந்த எச்சங்கள். 1871இல் வெளியான பவர் திருப்புதலோ (ஹென்றி பவர் தலைமையில் செய்த வேதாகம மொழிபெயர்ப்பு) ‘புறப்பட்டுப்போய், சகல ஜாதிகளையும் சீஷராக்கி... உபதேசம்பண்ணுங்கள்’ என்று ஓடுகிறது. (இங்கே ஜாதி என்பது மக்களினம், இன்றைய சாதி அல்ல.) தமிழ் வாக்கியத்தில் முற்று கடைசியில்தான் வரும் என்பதால், ‘சீஷராக்கி’ வினையெச்சமாகி நடுவில் ஒதுங்கிவிட்டது. திருவிவிலியம் ‘சீடராக்குங்கள்’ என்று முற்றாகவே வைத்தது. என் கணக்கில் அதுதான் மூலத்துக்கு நெருக்கம். ‘புறப்பட்டுப்போய்’ என்பதைக் கேட்டதும் விநியோகிக்கக் கைப்பிரதிக் கட்டோடு கிளம்பி, அங்கேயே கடமையை முடித்துக்கொள்வதற்கு இந்த வசனம் இடம் தரவில்லை.

இரண்டு வேலைகளும் ஒரே மூச்சில் வரும் இடம் அப்போஸ்தலர் 14:21. பவுலும் பர்னபாவும் தெர்பையில் சுவிசேஷத்தை அறிவிக்கிறார்கள், அநேகரைச் சீஷராக்குகிறார்கள். அங்கிருந்து புது ஊருக்குப் போகாமல் லீஸ்திராவுக்குத் திரும்புகிறார்கள். பவுலைக் கல்லெறிந்து, செத்தான் என்று வெளியே இழுத்துப்போட்ட ஊர் அது! போன காரியம், ஏற்கெனவே நம்பினவர்களின் மனதைத் திடப்படுத்துவது. சபைதோறும் மூப்பரையும் ஏற்படுத்திவிட்டுத்தான் நகர்கிறார்கள்.

ஆகவே எவாஞ்சலிசத்துக்கு ‘நற்செய்தி அறிவித்தல்’ போதும். டிசைப்பிள்ஷிப் என்ற ஒரே ஆங்கிலச் சொல்லில் இரண்டு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன: நாம் சீடராய் வாழ்வது ஒன்று, இன்னொருவரைச் சீடராக்குவது மற்றொன்று. முன்னதைச் சீடத்துவம் அல்லது சீஷத்துவம் எனலாம். பின்னதற்குச் ‘சீடராக்குதல்’ என்ற வினையே பொருந்தும். ‘த்துவம்’ சேர்த்தால் ஏதோ எட்டு வார வகுப்பின் பெயர்போல ஆகிவிடுகிறது. இந்த வேலையைச் செய்தவருக்கு நம் ஊர்களில் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது: உபதேசியார். திருநெல்வேலிக் கிராமச் சபைகளில் ஐயர் (சபைப் போதகரை அப்படித்தான் அழைப்பார்கள்) எப்போதாவதுதான் வருவார். ஜெபம் சொல்லிக்கொடுத்து, வேதம் வாசிக்கவைத்து, சனங்களோடு கூட இருந்தவர் உபதேசியார்தான்.