அழாத பிள்ளையை முதலில் பாருங்கள்

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அடிபட்ட குழந்தைகள் வந்து இறங்கும் மருத்துவமனை வாசலில் இதை நம்பினால் உயிர் போய்விடும். கையை ஒடித்துக்கொண்டு ஊரைக் கூட்டும் பிள்ளைக்கு மூச்சும் இருக்கிறது, நினைவும் இருக்கிறது. அப்பாவின் தோளில் சாய்ந்து, தூங்குவதுபோலச் சத்தமில்லாமல் வருகிற பிள்ளையிடம்தான் முதலில் ஓட வேண்டும்.

குழந்தையின் உடம்பு ரத்த இழப்பை மறைத்துவிடும் என்பதுதான் காரணம். 10 கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் ஓடும் ரத்தம் மொத்தமே ஏறக்குறைய 800 மில்லி. ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி போனாலே கால் பங்கு போயிற்று. அந்த நிலையிலும் இதயம் வேகத்தைக் கூட்டுகிறது. கை கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கி, மிச்ச ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்குகின்றன. அதனால் ரத்த அழுத்தம் கிட்டத்தட்ட இயல்பாகவே காட்டும். இழப்பு மூன்றில் ஒரு பங்கை நெருங்கும்போது எல்லாம் ஒரேயடியாகச் சரியும். கருவியில் எண் குறையட்டும் என்று காத்திருந்தவருக்கு அதன்பின் கையில் நேரமே இருக்காது.

விலா எலும்புகளும் அப்படித்தான் ஏமாற்றும். பெரியவர்களுக்கு அவை முறியும். பிள்ளைகளுக்கு வளைந்துகொடுத்து மீண்டும் நிமிர்ந்துவிடும். எக்ஸ்ரேயில் முறிவே தெரியாது, உள்ளே நுரையீரல் கன்றிப்போயிருக்கும்.

எந்தப் பிள்ளை ஆபத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டியதில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே. குழந்தையின் கையைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்கிறதா? கட்டைவிரல் நகத்தைச் சில விநாடி அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் உடனே சிவக்க வேண்டும். அதற்கு 3 விநாடிக்கு மேல் ஆகி, கையும் சில்லிட்டு, நாடி மெலிந்து வேகமாக ஓடினால் அது அதிர்ச்சி நிலை (ஷாக்), அதாவது உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போய்ச் சேராத நிலை. உலக சுகாதார நிறுவனம் வசதி குறைந்த மருத்துவமனைகளுக்காக வகுத்த அவசர வகைப்படுத்தல் முறையில் இந்தச் சோதனை இருக்கிறது. மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு, வலிப்பு என்று வரிசையாகப் பார்த்து, யார் இந்த நொடியே உள்ளே போக வேண்டும், யார் முன்வரிசையில் நிற்க வேண்டும், யார் காத்திருக்கலாம் என்று வாசலிலேயே பிரித்துவிடுவார்கள். பயிற்சி பெற்ற செவிலியருக்கு இது ஓரிரு நிமிட வேலை.

இதற்குப் பலன் உண்டா? மலாவி நாட்டின் பிளான்டைர் நகரில் உள்ள குயின் எலிசபெத் மத்திய மருத்துவமனையில், குழந்தை மருத்துவர் எலிசபெத் மொலினோவும் அவரது குழுவினரும் 2001 வாக்கில் குழந்தைகள் வந்து சேரும் பகுதியைத் திருத்தி அமைத்தார்கள். வகைப்படுத்தலிலும் அவசர சிகிச்சையிலும் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நோயாளிகள் நகரும் பாதையைச் சீராக்கினார்கள். உள்நோயாளிக் குழந்தைகளின் இறப்பு 10–18 சதவீதத்திலிருந்து 6–8 சதவீதமாக இறங்கியது. அங்கே வந்தவர்களில் மிகுதியானோர் காயத்தால் அல்ல, நோயால் வந்தவர்கள். ஆனால் வரிசை ஒன்றுதான், அதில் வீணாகும் நிமிடங்களும் ஒன்றுதான்.

தாமதத்தை மூன்றாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் பிரசவ மரணங்களைப் பற்றிய ஆய்விலிருந்து வந்தது. 1994-இல் தாடியஸ், மெயின் என்ற இருவர் முன்வைத்தது: போகலாம் என்று முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில். உலகில் ஆண்டுக்குச் சுமார் 8,30,000 குழந்தைகள் எதிர்பாராத காயங்களால் இறக்கிறார்கள் என்றும், அவர்களில் 95 சதவீதத்தினர் வசதி குறைந்த நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்றும் 2008-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை சொன்னது. சாலையும் ஆம்புலன்ஸும் வர ஆண்டுகள் ஆகும். மூன்றாவது தாமதம் மருத்துவமனைச் சுவருக்குள்ளேயே இருப்பதால், அதில் கை வைக்க நாளைக் காலை போதும் என்றே நினைக்கிறேன்.

உள்ளே போனபின் வரும் முட்டுக்கட்டைகளுக்கும் எளிய விடைகள் உண்டு. ரத்தம் குறைந்த குழந்தைக்கு ஊசி ஏற்ற ரத்தக் குழாய் எளிதில் கிடைக்காது. குத்திக் குத்திப் பார்த்து நேரத்தைக் கரைக்காமல், முழங்காலுக்குச் சற்றுக் கீழே கணைக்கால் எலும்பின் தட்டையான உள்பக்கத்தில் அதற்கென உள்ள ஊசியை இறக்கலாம். எலும்பு மஜ்ஜைக்குள் விடும் திரவம் சில விநாடிகளில் இதயத்தை எட்டிவிடும். மருந்தளவு எடையைப் பொறுத்தது. எடை பார்க்க நேரமில்லாதபோது, உயரத்தை அளந்தே எடையைக் கணிக்கும் வண்ணப் பட்டைகள் கொண்ட நாடா உதவும். 1980-களில் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் புரோஸ்லோ உருவாக்கியது இது. ஊட்டம் குறைந்த பிள்ளைகளுக்கு இது எடையைக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதை மட்டும் மனதில் வைக்க வேண்டும்.

சிறு குழந்தையின் பின்மண்டை பெரியது. சமதளத்தில் படுக்க வைத்தால் கழுத்து முன்னால் மடங்கி மூச்சுப்பாதை அடைபடும். கழுத்தை அசைக்காமல் தோளுக்கும் முதுகுக்கும் அடியில் மடித்த துணியைக் கொடுத்தால் வழி திறக்கும். உடையைக் கழற்றிப் பார்த்ததும் போர்த்திவிடவும் வேண்டும். எடையோடு ஒப்பிட்டால் குழந்தைக்குத் தோல்பரப்பு அதிகம், சூடு மளமளவென இறங்கும். உடல் குளிர்ந்தால் ரத்தம் உறைவதும் தாமதமாகும்.

பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதாக இருந்தால் முதலில் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிட வேண்டும். ஒரு தாளில் மூன்று நேரங்கள் இருக்கட்டும்: எப்போது வந்தது, யார் முதலில் பார்த்தது எப்போது, முதல் மருந்து கொடுத்தது எப்போது. அந்தத் தாளின் நகலை மாதம் ஒருமுறை எடுத்து வைத்துப் பார்த்தால், நிமிடங்கள் எந்த மேசையில் தொலைகின்றன என்று தெரிந்துவிடும்.