டஸ்ட் டீயும் அன்னபேதியும்: துணியில் நடக்கும் வேதியியல்

கிரீன் டீயைக் காய்ச்சித் துணியை முக்கினால் வெளிறிய மஞ்சள்தான் ஏறும். டஸ்ட் டீ என்றால் நல்ல பழுப்பு. இரண்டும் ஒரே செடியின் இலைதான். டஸ்ட் டீக்கான இலையைத் தொழிற்சாலையில் நசுக்கிப் பரப்பிவைக்கும்போது, பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு கேட்டச்சின் என்ற நிறமற்ற துவர்ப்புப் பொருள்களைச் செம்மஞ்சள் தியாஃப்ளேவின்களாகவும் செம்பழுப்புத் தியாருபிஜின்களாகவும் மாற்றிவிடுகிறது. தொழிலில் இதை நொதித்தல் என்கிறார்கள். ஆனால் நுண்ணுயிருக்கு இதில் வேலையே இல்லை.

இந்தத் துவர்ப்புப் பொருள்கள் ஒரு பக்கம் ஹைட்ரஜன் பிணைப்பால் பருத்தி நாரில் ஒட்டுகின்றன. மறுபக்கம் உலோக அயனியைக் கவ்வுகின்றன. அதனால் தேயிலை சாயமாகவும் ஆகிறது, நிறமூன்றிக்கு, அதாவது சாயத்தை நாரில் பிடித்துவைக்கும் உலோக உப்புக்கு, துணையாகவும் நிற்கிறது.

100 கிராம் பருத்தித் துணிக்குக் கணக்கு இது. முதலில் 2 கிராம் சலவை சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு அலசுங்கள். ஆலைத் துணியில் கஞ்சி இருக்கும். அது போகாவிட்டால் சாயம் திட்டுத்திட்டாகத்தான் ஏறும். 3 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் டஸ்ட் டீயை அரை மணி நேரம் எவர்சில்வர் பாத்திரத்தில் காய்ச்சி, இரண்டு தடவை வடிகட்டுங்கள். தூள் தங்கினால் புள்ளி விழும். ஈரத்துணியை அதில் போட்டு, கொதிக்கவிடாமல் சிறுதீயில் ஒரு மணி நேரம் வைத்து, இரவு முழுக்க ஊறவிடுங்கள்.

பழுப்பே போதும் என்றால், முன்னதாக 15 கிராம் படிகாரம் கரைத்த நீரில் ஊறவைத்த துணியை எடுத்துக்கொள்ளலாம். சாம்பல் நிறம் வேண்டுமென்றால் டீயில் ஊறிய துணியை அலசி, 2 கிராம் அன்னபேதி (ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பு) கரைத்த வெதுவெதுப்பான நீரில் பிரட்டுங்கள். கண்ணெதிரிலேயே பழுப்பு கறுக்கத் தொடங்கும். 10 நிமிடத்தில் எடுத்துக் காற்றில் விரித்தால் இன்னும் கறுக்கும். அன்னபேதியின் ஃபெரஸ் இரும்பு காற்றுப் பட்டு ஃபெரிக்காக மாறித் துவர்ப்போடு சேர்வதால்தான் அந்தக் கருமை. கருப்பு போதவில்லையென்று அன்னபேதியைக் கூட்டாதீர்கள். மிச்ச இரும்பு செல்லுலோஸை அரிக்கும், துணி நாளடைவில் இற்றுப்போகும். ஐரோப்பாவின் பழைய கையெழுத்துப் படிகளில் இரும்பு கலந்த மசி தாளைத் தின்றதும் இப்படித்தான்.

சாயம் நிற்க உப்பு, வினிகர் என்று பலர் சொல்வது வீண். கட்டஞ்சாயாவில் எலுமிச்சை பிழிந்தால் நிறம் வெளுக்கிறதே, அமிலம் துணியிலும் அதையேதான் செய்யும். காரமான சோப்பு பட்டால் பழுப்பு சற்றுக் கூடும்.

மஞ்சிட்டி வேரிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயத்துக்கு அடித்தளமாகத் தேயிலையைப் போடாதீர்கள். அதன் பழுப்பு சிவப்பை மங்கடிக்கும். கலம்காரிக்காரர்கள் அந்த இடத்தில் கடுக்காயைப் பயன்படுத்துவது காரணத்தோடுதான்: துவர்ப்பு அதிகம், சொந்த நிறம் இளமஞ்சள்.